புதுப் பூனை வந்த வீடு

தனக்கென்று வைக்கப்பட்ட மணல்தொட்டியைத் தவிர வேறோர் இடத்தில் சிறுநீர் கழித்தறியாத பூனை ஒன்று, பல வருஷங்களாக ஒரு வீட்டில் மரியாதையோடு வாழ்ந்துவருகிறது. அந்த வீட்டுக்கு, மழையில் நனைந்து மாடிப்படியின் அடியில் கத்திக்கொண்டிருந்த குட்டி ஒன்றோ, வெளியூருக்கு மாற்றலாகிப் போன சிநேகிதர் விட்டுச்சென்ற வளர்ந்த பூனை ஒன்றோ வந்துசேருகிறது. வந்து ஒரு வாரம் ஆவதற்குள், பழைய பூனை மடித்து வைத்த புடைவைகளின்மேலும், மெத்தையிலும், வாசற்கதவின் ஓரத்திலும் சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிடுகிறது. வீட்டாருக்கு முதலில் வியப்பு, பிறகு அருவருப்பு, அதன்பின் கோபம். பூனைக்குப் பொறாமை வந்துவிட்டது என்றும், புதியதை அழைத்துவந்ததற்காக நம்மைப் பழிவாங்குகிறது என்றும் முடிவுகட்டி, அதன் கழுத்தைப் பிடித்து மூக்கை ஈரத்தில் அழுத்தி ஓர் அடியும் வைக்கிறார்கள். பூனை வளர்க்கும் வீடுகளில் இதைவிடச் சாதாரணமாக நடக்கும் அநியாயம் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பழிவாங்க வேண்டுமானால், ஈரமான மெத்தை எஜமானருக்கு வெறுப்பூட்டும் என்று முன்கூட்டியே ஊகித்து, அந்த வெறுப்பையே நோக்கமாகக் கொண்டு காரியம் செய்யவேண்டும். பூனைக்கோ தன் சிறுநீரின் வாசனை அருவருப்பான பொருளே அன்று. ஆகவே அடிபட்ட பூனை, 'மெத்தையில் கழித்தது தவறு' என்று உணர்வதில்லை. எஜமானர் அருகில் வந்தால் ஆபத்து என்பதை மட்டுமே கற்றுக்கொள்கிறது. புதுப் பூனையினால் ஏற்கெனவே கலங்கியிருக்கும் மனத்தில் இன்னொரு பயத்தைச் சேர்ப்பதால் உபத்திரவம் வளருமே தவிரக் குறையாது.

இந்த விஷயத்தின் வேர் பூனையின் பூர்வீகத்தில் இருக்கிறது. உலகிலுள்ள வீட்டுப் பூனைகள் யாவும் மேற்காசியாவில் திரிந்த ஒருவகைக் காட்டுப் பூனையின் வழிவந்தவை என்பதை, கார்லோஸ் டிரிஸ்கால் முதலிய ஆராய்ச்சியாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சைப்ரஸ் தீவில் மனிதச் சமாதி ஒன்றின் பக்கத்தில் கிடைத்த பூனையின் எலும்புக்கூடு சுமார் 9,500 வருஷங்களுக்கு முற்பட்டது. மனிதனோடு பூனைக்குள்ள பழக்கம் அவ்வளவு நீண்டதாயினும், அதன் ஆதி சுபாவம் அதிகம் மாறிவிடவில்லை. நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வேட்டையாடி, கூட்டமாக உண்டு வாழ்ந்தது. பூனையின் மூதாதையோ, ஒரு வயிற்றுக்கே போதாத எலியையும் ஓணானையும் தனித்துப் பிடித்து, தனித்து உண்டு, தன் எல்லைக்குள் இன்னொரு பூனை வந்து நிலைக்காமல் பார்த்துக்கொள்வதையே பிழைக்கும் வழியாகக் கொண்டிருந்தது. மீன்பிடித் துறைமுகங்களிலும் சந்தைகளிலும் பூனைகள் கும்பலாக வாழக் காண்கிறோமே என்று கேட்கலாம். அந்தக் கும்பல்களின் நடுவில் இருப்பவை பெரும்பாலும் தாயும் மகளும் சகோதரியுமாகிய பெட்டைகள்; ஒன்றன் குட்டியை மற்றொன்று பேணுமளவு உறவு அவற்றுக்குள் உண்டு. அந்நியப் பூனையை அவை துரத்தியடிக்கின்றன. வெகுநாள் ஓரத்திலேயே சுற்றித் திரிந்த பிறகுதான், அதுவும் சிலவேளைகளில், அது உள்ளே சேர்த்துக்கொள்ளப்படுகிறது.

நம்முடைய பழைய வீடுகளில் கொல்லையும் மதிலும் ஓட்டுக்கூரையும் மாட்டுத்தொழுவமும் இருந்தன. இரண்டு பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று கூரையில் படுக்கும், மற்றொன்று தொழுவத்தில் படுக்கும். சிறுநீர் கழிக்கக் கொல்லை மண் முழுவதும் இருந்ததால், யார் எங்கே போனார்கள் என்று எவரும் கவனித்ததில்லை. இன்று மூன்றாவது மாடியில், சன்னல்களுக்கு வலையடித்து, இரண்டு அறையும் ஒரு கூடமுமாக உள்ள வீட்டில், ஒன்றையொன்று அறியாத இரண்டு பிராணிகளை ஒரே நாளில் எதிரெதிரே இறக்கிவிட்டு, ஒரே தட்டில் பாலையும் ஒரே தொட்டியில் மணலையும் வைத்துவிடுகிறோம். விலகிப் போவதற்கு அவற்றுக்கு வழியே இல்லை.

சிறுநீர் வெளியே போகிறது என்ற ஒரே புகாருக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் செய்யும் பரிகாரம் எதுவும் பயன்படாது. ஆகையால் கோபம் தணிந்த பின், பூனை அதைச் செய்யும் க்ஷணத்தில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். சில பூனைகள் சுவரையோ கதவு நிலையையோ முகர்ந்துவிட்டு, அதற்கு முதுகு காட்டித் திரும்பி, நின்ற நிலையிலேயே வாலைச் செங்குத்தாக உயர்த்தும், வால்நுனி நடுங்கும், பின்கால்கள் மாறிமாறித் தரையை மிதிக்கும், கண்கள் பாதி மூடியிருக்கும், ஒரு சிறு தாரை பின்பக்கமாகப் பீறிட்டு, ஏறக்குறைய இன்னொரு பூனையின் மூக்கு எட்டும் உயரத்தில் சுவரில் படும். இது பீய்ச்சுதல், இடத்துக்கு அடையாளமிடும் செயல். வேறு சில பூனைகள் வழக்கம்போலக் குந்தி, மெத்தை, துணிக்குவியல், கால்மிதி முதலிய மெதுவான பரப்பில், மூடிமறைக்கப் பிராண்டியும் பார்த்து, நிறைய நீரைக் கழிக்கும். இது வெறும் மலஜல உபாதைக்கு இடம் மாற்றிக்கொண்டதேயாகும். மூன்றாவது வகையில், பூனை அடிக்கடி குந்தும், முக்கும், சில சொட்டுகளே விழும், சிலவேளை அதில் இரத்தச் சிவப்பும் தெரியும். இது நோய். அபூர்வமாகக் குந்திய நிலையிலும் அடையாளமிடுவது உண்டாதலால், தோற்றத்தை மட்டும் நம்பி மருத்துவரைத் தவிர்த்துவிடக் கூடாது.

பூனையின் சிறுநீரைப் பற்றி ரசாயன சாஸ்திரம் சொல்வது மிகவும் சுவையானது. வறண்ட பிரதேசத்தில் தோன்றிய ஜாதியாகையால், பூனை தண்ணீரை மிகவும் சிக்கனமாகச் செலவிடுகிறது. அதன் சிறுநீரகங்கள் நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, கழிவை மிகச் செறிவாக வெளியேற்றுகின்றன. அந்தச் செறிந்த நீரில், கந்தகம் கலந்த ஓர் அமினோ அமிலம் இருப்பதை 1953இல் வெஸ்டால் என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்தார். பூனைக் குடும்பத்தின் பெயரையே கொண்டு அது ஃபெலினைன் என்று வழங்கப்படுகிறது. ஃபெலினைனுக்குத் தனியே பெரிய நாற்றம் கிடையாது. வெளியே விழுந்து நேரமாக ஆக அது சிதைந்து, மூக்கைத் துளைக்கும் கந்தகச் சேர்மங்கள் பிறக்கின்றன. அதனால்தான் நேற்றைய சுவடு இன்று அதிகமாக நாறுகிறது. சிறுநீரகத்திலேயே சுரந்து சிறுநீரோடு வெளிவரும் காக்ஸின் என்ற புரதமே ஃபெலினைன் உண்டாவதை நிர்வகிக்கிறது என்பதை, மசாவோ மியாசாகி என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் 2006இல் காட்டினார்கள். கருத்தடை செய்யப்படாத கடுவன் பூனையில் இந்தப் புரதம் மிகுதி; கருத்தடை செய்த கடுவனிலும் பெட்டையிலும் குறைவு. கடுவன் பீய்ச்சிய வீட்டின் நாற்றம் தெருவரையில் வருவதற்குக் காரணம் இதுதான்.

இந்த நாற்றம் மனிதனுக்காக எழுந்ததன்று. பூனையின் மேல்வாய் முன்பற்களுக்குப் பின்னால் இரண்டு நுண்ணிய துவாரங்கள் உள்ளன. அவை ஜேக்கப்ஸன் உறுப்பு என்ற தனிப்பட்ட வாசனைக் கருவிக்குச் செல்கின்றன. மற்றொரு பூனையின் சுவட்டை முகர்ந்ததும், மேலுதட்டைச் சுருக்கி, வாயைப் பாதி திறந்து, ஏதோ யோசனையில் ஆழ்ந்ததுபோல் அசையாமல் நிற்கிறதே, அப்போது அது அந்த உறுப்பினுள் வாசனையை ஏற்றிக்கொண்டிருக்கிறது. இங்கே யார் வந்தார்கள், எவ்வளவு நேரத்துக்கு முன் வந்தார்கள் என்பன போன்ற செய்திகள் அதற்குக் கிடைக்கின்றன. சுதந்திரமாகத் திரியும் பூனைகளை நெடுங்காலம் கவனித்த பால் லேஹாவுசன் என்ற ஜெர்மானிய அறிஞர், இவை ஒரே பாதையை நேரம் பிரித்துக்கொண்டு உபயோகிப்பதை விவரித்திருக்கிறார். ஒண்டுக்குடித்தன வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பத்தார், ஒருவர் குடம் எடுத்துப் போன பிறகே மற்றவர் குழாயடிக்கு வந்து, சண்டையின்றிக் காலங்கழிப்பதில்லையா? அத்தகைய ஏற்பாடுதான் இதுவும். ஆகவே பீய்ச்சுதலைப் போர்ப்பிரகடனமாகக் கொள்வதைவிட, முகத்துக்கு முகம் சந்திப்பதைத் தவிர்க்கும் உபாயமாகக் கொள்வதே உண்மைக்கு அருகில் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அடைபட்ட வீட்டில் சந்திப்பைத் தவிர்க்க முடியாதபோது, சுவடுகள் பெருகுகின்றன. அதுவும் வாசற்படி, சன்னலோரம், புதிதாக வந்த சாமான் ஆகிய இடங்களில்.

கருத்தடை ஆபரேஷன் செய்த பூனை பீய்ச்சாது என்ற நம்பிக்கை முழு உண்மையன்று. பருவமடைவதற்கு முன்பே ஆபரேஷன் செய்த பூனைகளிலும், கடுவன்களில் 100க்குச் சுமார் 10உம், பெட்டைகளில் 100க்குச் சுமார் 5உம் வளர்ந்தபின் பீய்ச்சுவதைக் கலிபோர்னியாவின் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை விஞ்ஞானி 1984இல் தெரிவித்தார். ஆயினும் ஆபரேஷன் செய்யாத கடுவனாக இருந்தால் முதல் பரிகாரம் அதுவே. பெரும்பாலான கடுவன்களில் அதன்பின் இப்பழக்கம் நின்றுபோகிறது அல்லது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

பீய்ச்சாமல் குந்திக் கழிக்கும் பூனையின் கதை வேறு. அதில் பெரும்பாலும் நம் கண்ணுக்குப் படாத ஓர் அடக்குமுறை நடந்துகொண்டிருக்கும். பூனைகளுக்குள் பகை என்றால் சீறலும் ரோமம் பறப்பதும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதிகமாக நடப்பது மௌனமான வழிமறிப்பு. சென்னையில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில், குளியலறை மூலையில் ஒரே மணல்தொட்டி இருந்தது. கூடத்திலிருந்து அங்கே போக ஒரு குறுகிய நடைவழி. புதிதாக வந்த கடுவன் குட்டி அந்த வழியிலிருந்த செருப்பு அலமாரியின்மேல் இடம் பிடித்துக்கொண்டது. பழைய பெட்டை சாப்பாட்டு மேஜையின் கால்வரையில் வரும். குட்டி தலையைத் திருப்பி அதைக் கண்கொட்டாமல் பார்க்கும். பெட்டையின் காதுகள் பக்கவாட்டில் மடியும். உட்கார்ந்து, எதுவும் நடவாததுபோல் தோளை இரண்டு தடவை நக்கிக்கொண்டு, திரும்பிப் போய்விடும். சத்தம் இல்லை, நகக்கீறல் இல்லை. இரண்டும் எவ்வளவு சமாதானமாக இருக்கின்றன என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். இரவில் சோபாவின் மூலை நனைந்தது. அந்த வீட்டு அம்மாள் ஒரு மத்தியானம் தூங்காமல் இருந்து இதைக் கவனித்ததும், கூடத்துக்கு மறுபக்கத்திலிருந்த பால்கனியில் இரண்டாவது தொட்டி ஒன்றை வைத்தார். சோபா அதன்பின் நனையவில்லை.

குந்தியிருக்கும் பூனை தப்பியோட முடியாத நிலையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் மற்றவை தாமே விளங்கும். மூடிபோட்ட தொட்டி மனிதருடைய கண்ணுக்கு அழகு. பயந்த பூனைக்கோ அது ஒரே வாசல் உள்ள பொறி. உள்ளே இருக்கும்போது வெளியே மற்றது காத்திருக்கக் கண்ட பூனை, மறுபடி அதனுள் நுழையாது.

நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் மனக்கலக்கம் சரீர வியாதியாக மாறும் விதத்தை இங்கே தெளிவாகக் காணலாம். இளவயதும் நடுவயதுமான பூனைகளின் சிறுநீர் உபாதைகளில் மிகுதியாகக் காணப்படுவது, கிருமியோ கல்லோ இல்லாமல் உண்டாகும் ஒருவகைச் சிறுநீர்ப்பை அழற்சி. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி பஃபிங்டன் இதைப் பல வருஷங்கள் ஆராய்ந்தார். இந்நோயுள்ள பூனைகளில், ஆபத்துக்காலத்தில் உடலை முடுக்கிவிடும் நரம்புமண்டலம் ஓயாமல் விழித்திருக்கிறது. சிறுநீர்ப்பையின் உட்சுவரைக் காக்கும் மெல்லிய படலம் நலிந்துபோகிறது. செறிந்த சிறுநீர் உட்சுவரை உறுத்த, எரிச்சலும் வலியும் உண்டாகின்றன. பஃபிங்டனும் அவருடைய சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், இந்நோயுள்ள 20 பூனைகளையும் ஆரோக்கியமான 12 பூனைகளையும் 77 வாரங்கள் கவனித்துக் குறிப்பெடுத்தார்கள். உணவு நேரம் மாறுவது, பராமரிப்போர் மாறுவது போன்ற சிறிய குழப்பங்கள் நேர்ந்த வாரங்களில், நோயுள்ளவை மட்டுமல்ல, ஆரோக்கியமானவையும் உணவைக் குறைத்தன. தொட்டிக்கு வெளியே கழித்தன. சோறு வைக்கும் ஆள் மாறியதற்கே இவ்வளவு என்றால், வீட்டுக்குள் இன்னொரு பூனையே வந்து குடியேறுவது எவ்வளவு பெரிய குழப்பம் என்பதை வாசகரே ஊகிக்கலாம். மேலும், தொட்டியில் குந்தும்போது வலித்த பூனைக்கு அந்தத் தொட்டியே வலியின் இருப்பிடமாகத் தோன்றிவிடுவதால், நோய் நீங்கிய பின்னும் அது வேறிடம் தேடக்கூடும். வயதான பூனையானால் சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு, மூட்டுவலி ஆகியவற்றையும் பரிசோதித்துப் பார்க்கவேண்டும்.

கடுவன் பூனை மட்டும் ஒரு பொழுதும் காத்திருக்கத் தகாதது. அதன் சிறுநீர்த்தாரை மிகவும் குறுகலானது; அழற்சியில் திரளும் சளியும் படிகங்களும் அதை அடைத்துவிடும். நீர் வெளியேறாமல் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இருதயம் நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். திரும்பத் திரும்பக் குந்தியும் ஒரு சொட்டும் வராமல் கத்துகிற கடுவனைக் கண்டால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிராமல், அகாலமானாலும் அந்த நேரத்திலேயே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நோயில்லை என்று தெரிந்த பிறகு செய்யவேண்டியவை பெரும்பாலும் வீட்டைத் திருத்தியமைப்பதுதான். பூனைகளின் எண்ணிக்கைக்கு ஒன்று அதிகமாக மணல்தொட்டி வேண்டும் என்பது நிபுணர்கள் பொதுவாகக் கூறும் விதி. மூன்று தொட்டிகளையும் ஒரே மூலையில் வரிசையாக அடுக்கினால், பூனையின் கணக்கில் அது ஒரே தொட்டிதான். வெவ்வேறு பக்கங்களில், இரண்டு வழியாகத் தப்பிப் போகக்கூடிய இடங்களில் வைக்கவேண்டும். தொட்டியின் நீளம் பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருப்பது நல்லது. கடைகளில் விற்கும் சிறிய தட்டுகளைவிட, துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிட்டால் மலிவும் மேலுமாக இருக்கும். 1947இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர் உலர்ந்த களிமண் குருணையைப் பூனைகளுக்கென விற்கத் தொடங்கும்வரை, மேல்நாட்டு வீடுகளிலும் அடுப்புச் சாம்பலும் மணலும்தான் இருந்தன. இன்று எத்தனையோ வாசனைகளில் விற்பனையாகின்றன. பூனைகள் பெரும்பாலும் விரும்புவது மணமற்ற, மணல்போல் நுண்ணிய குருணையையே. நாள்தோறும் அள்ளிச் சுத்தம் செய்வதைவிடச் சிறந்த வாசனைத் திரவியம் கிடையாது.

நனைந்த இடத்தைத் துடைப்பதில் நம் நாட்டில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. நாற்றம் என்றதும் நம் கை பினாயிலைத் தேடுகிறது. பினாயில் ஜாதிப் பொருள்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு; துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அது பூனைக்கு விஷமாகலாம். அம்மோனியா கலந்த திரவங்களும் வேண்டாம். சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து தருவதும் அம்மோனியாவேயாகையால், அந்த வாசனை பூனையை மறுபடி அங்கேயே அழைக்கும். சோப்பு நீரால் கழுவி, வளர்ப்புப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவத்தை நன்றாக ஊறவிட்டுத் துடைப்பதே சரியான முறை.

எல்லாவற்றிலும் முக்கியமானது அறிமுகத்தை மறுபடி முதலிலிருந்து செய்வது. புதுப் பூனையை ஓர் அறையில் அதற்கென்று தனித் தொட்டி, தண்ணீர், சாப்பாட்டோடு வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். ஒன்றின் கன்னத்தில் மெதுவாகத் தேய்த்த துணியை மற்றொன்று படுக்கும் இடத்தில் போடுங்கள். கன்னத்துச் சுரப்பிகளின் வாசனை, சிறுநீரைப்போல் கலவரமூட்டாமல், பழக்கத்தை உண்டாக்கும். அதைச் சீறாமல் முகரத் தொடங்கியதும், மூடிய கதவின் இருபுறத்திலும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். பிறகு கதவை ஒருவிரல் அகலம் திறந்தும், பிறகு வலைத்தடுப்பின் வழியாகவும், சில நிமிஷங்கள் பார்க்கவிடுங்கள். முறைத்துப் பார்த்தால் ஒரு படி பின்வாங்கவேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். முதல் சந்திப்பிலேயே கடித்துப் பிராண்டிக்கொண்ட பூனைகள் பின்னும் நெடுங்காலம் சண்டையிடக் காண்கிறோமாதலால், பொறுமையைத் தொடக்கத்தில் செலவிடுவதே லாபம். கன்னச் சுரப்பின் வாசனையைச் செயற்கையாகச் செய்து மின்கருவியில் பரப்பும் பொருள்கள் விற்கின்றன. சில வீடுகளில் பயன் தருகின்றன, எல்லா வீடுகளிலும் அல்ல. பீய்ச்சுதல் அடங்கவே அடங்காத பூனைகளுக்கு ஃபுளுவாக்ஸெட்டின் முதலிய மருந்துகள் உதவுகின்றன. அவற்றை மருத்துவர் அளவிட்டே கொடுக்கவேண்டும்.

உயரமான அலமாரித் தட்டுகளும், வெவ்வேறு இடங்களில் வைத்த சாப்பாட்டுத் தட்டுகளும், ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டிகளும் வீட்டின் பரப்பைப் பூனைக்கு இருமடங்காக்கும். இவ்வளவும் செய்து, மாதங்கள் பல பொறுத்திருந்தும், இரண்டு பூனைகளுக்குள் ஒத்துப்போகாத வீடுகள் உண்டு. அங்கே பிரித்துவிடுவதே இரண்டுக்கும் செய்யும் தர்மம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிரிப்பது என்பது, கோணிப்பையில் கட்டி மீன் சந்தையின் ஓரத்தில் அவிழ்த்துவிடுவதாக இருக்கக் கூடாது. மடியில் வளர்ந்த பூனைக்கு அந்தச் சந்தையின் பூனைக்கூட்டத்தில் உறவு எதுவும் கிடையாது. அங்கே அதுதான் அந்நியம், துரத்தப்படுவதும் அதுவே. பூனையை அறிந்த இன்னொரு வீட்டைத் தேடிக் கொடுங்கள். அது கிடைக்கும்வரை இரண்டுக்கும் தனித்தனி அறையில் சோறு வையுங்கள்.